கால் எட்டாத வண்டி

ஒரு புது வண்டியில் ஏறி உட்கார்ந்த உடனே, இது எனக்காகவே பிறந்த வண்டி என்று உங்களுக்குத் தோன்றினால், தயவுசெய்து எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்குங்கள். ஒரு டீ குடியுங்கள். அப்புறம் அந்த வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அனுபவப்பட்டவன் சொல்கிறேன்.

பத்திரிகையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுக்கச் சொல்லி ரிட்டயர் ஆன என்னைக் கேட்டார்கள். உங்களுக்கு ஹெல்மெட்டில் கேமரா இருக்கிறது, கையில் போன் இருக்கிறது, ஒரு வண்டி சந்தைக்கு வருவதற்கு முன்பே அதன் ஜாதகம் உங்களிடம் வந்துவிடுகிறது. ஆனாலும் உங்கள் வேலையும் நான் பார்த்த வேலையும் ஒன்றுதான். யாரோ செய்த வண்டியை யாரோ வாங்கப் போகிறார்கள். நடுவில் நாம் ஓட்டிப் பார்த்து உள்ளதைச் சொல்ல வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

தொண்ணூறுகளின் நடுவில் நம் பத்திரிகை கோயமுத்தூர் ராம்நகரில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் நடந்தது. காலையில் பன் வெந்து வரும் வாசனையில் பாதி வேலை கெட்டுப்போகும். அப்போதைய ஆசிரியர் ஒரு மில் குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. அண்ணன்மார் நூல் விற்றுக்கொண்டிருக்க, இவர் மோட்டார் பத்திரிகை நடத்துகிறேன் என்று கிளம்பி வந்துவிட்டார். வீட்டிலிருந்து அம்மா போன் செய்தால் தெலுங்கில் குழைவார், போனை வைத்ததும் எங்களைத் தமிழில் விரட்டுவார். வண்டியை ஓட்டிப் பார்த்து எழுதுகிற ஆள் நான் ஒருத்தன்தான்.

அந்த மே மாதம் ஷோரூமிலிருந்து போன் வந்தது. எண்டியூரோ என்கிற காட்டுப்பாதை மோட்டார் சைக்கிள் வந்திருக்கிறது, முதலில் ஓட்டிப் பார்க்கப் போவது நீங்கள்தான் என்றார்கள். நான் படிக்கட்டில் இறங்கினேனா குதித்தேனா என்று நினைவில்லை.

நீங்கள் பிறந்ததிலிருந்து இந்த மாதிரி வண்டிகளைப் பார்க்கிறீர்கள், அதனால் உங்களுக்கு இது புரியாது. அதுவரைக்கும் நம் ஊரில் காட்டிலும் மேட்டிலும் போக ஒரு வண்டி வேண்டுமென்றால் நாமேதான் செய்துகொள்ள வேண்டும். சாதா வண்டியை வாங்கி, மட்கார்டைத் தூக்கிக் கட்டி, சைலன்சரை வளைத்து மேலேற்றி, முள்ளு டயர் போட்டு, அது பாதி வழியில் கழன்று விழுவதைப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும். லேத் ஓடாத தெரு நம் ஊரில் ஏது? வண்டி என்று ஒன்று கைக்கு வந்தால் அதில் எதையாவது மாற்றாமல் கோயமுத்தூர்க்காரனுக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்ட ஊருக்கு, கல்லிலும் மண்ணிலும் ஓடையிலும் போவதற்கென்றே கம்பெனியில் செய்து பெட்டியில் அடைத்து அனுப்பிய வண்டி வருகிறது. திருவிழாவேதான்.

வண்டியை என்னிடம் ஒப்படைத்தவர் ரங்கண்ணன். ஷோரூமின் தலைமை மெக்கானிக். என்னைவிட வயதில் நிறையவே மூத்தவர். காக்கிச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்பேனர் துருத்திக்கொண்டிருக்கும். அதை இரவில் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குவார் என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

“வாங்க தங்கவேல் சார். வண்டி உங்களுக்குன்னே காத்துட்டு நிக்குதுங்க. ஏறிப் பாருங்க” என்று சொல்லிக் கண்ணைச் சிமிட்டினார்.

முன் மட்கார்டு வாத்து மூக்குப்போல் டயருக்கு மேலே தூக்கி நின்றது. சைலன்சர் வளைந்து ஏறி சீட்டுக்குப் பக்கத்தில் போனது. பெட்ரோல் டேங்க் ஒல்லியாக, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் அடங்கியது. நான் குள்ளம். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. இந்த வகை வண்டிகள் எல்லாம் உயரம், உன்னைப் போன்ற ஆள் பெஞ்சு போட்டுத்தான் ஏற வேண்டும் என்று நண்பர்கள் ஏற்கெனவே கேலி செய்திருந்தார்கள். ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் அழகாகத் தரையில் பதிந்தன. ஆஹா!

அவிநாசி சாலையில் ஒவ்வொரு சிக்னலிலும் கூட்டம் கூடியது. பஸ் டிரைவர் ஒருவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “ஏனுங்க, இது எந்த ஊரு வண்டிங்க?” என்று கேட்டார். பச்சை விழுந்தும் அவர் நகரவில்லை, பின்னால் ஹாரன்கள் அலறின. நான் நேராக மதுக்கரைக்கு விட்டேன். சிமெண்டுக்காகக் கல் வெட்டி எடுத்த பள்ளங்களுக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவில் வெள்ளை மண் பாதைகள் கிடக்கும். அங்கே தார்ச் சாலையை விட்டு இறக்கினேன்.

முதல் பள்ளம் வந்ததும் பழக்கத்தில் பிரேக்கை நசுக்கிப் பல்லைக் கடித்துக்கொண்டேன். வண்டி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அப்படியே உள்ளே இறங்கி அந்தப் பக்கம் ஏறிவிட்டது. அடுத்த பள்ளத்துக்கு பிரேக் பிடிக்கவில்லை. அதற்கடுத்ததை நான்தான் தேடிப் போனேன்! கால் வைக்கும் கட்டையில் எழுந்து நின்றுகொண்டு ஓட்ட வேண்டும் என்று படித்திருந்தேன். நின்றேன். வண்டி கீழே துள்ளுகிறது, நான் மேலே சும்மா போய்க்கொண்டிருக்கிறேன். தனியாக அந்தப் பொட்டல் காட்டில் வாய்விட்டுக் கத்தினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் ஆடுகளை என் பக்கம் வராமல் ஓட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் கொடுமுடி. காவிரியில் தண்ணீர் குறைந்து மணல் விரிந்து கிடந்தது. மணலில் பயந்து வேகத்தைக் குறைத்தால் சக்கரம் புதையும், முறுக்கிக்கொண்டே போனால் மிதக்கும். இதைக் கற்றுக்கொள்வதற்குள் ஆற்றங்கரையில் குளிக்க வந்தவர்களுக்கு நன்றாகப் பொழுது போனது. ஒவ்வொரு தடவை விழும்போதும் வண்டியைத் தூக்கிவிட ஆட்கள் ஓடி வந்தார்கள். தூக்கிவிட்டதற்குக் கூலியாக ஒரு ரவுண்டு கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. அந்த வண்டியை யாரிடமும் கொடுக்க எனக்கு மனமே வரவில்லை.

திரும்பி வந்தபோது ஆபீசில் ஒரு கன்னியாஸ்திரி உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சேலை, கழுத்தில் சிலுவை, நல்ல நெடுநெடு உயரம். எழுந்து நின்றபோது நான் அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. சிஸ்டர் ஃபிலோமினா என்றார். பேச ஆரம்பித்ததும் நம் கொங்குநாட்டுப் பெண் என்று தெரிந்துவிட்டது.

“ஏனுங்க தம்பி, அந்தப் புது வண்டிய ஓட்டிப் பாக்கறது நீங்கதானுங்களா?”

“ஆமாங்க சிஸ்டர்.”

“மலை ஏறுமுங்களா?”

வால்பாறைக்கு அப்பால் ஒரு தேயிலை எஸ்டேட் ஓரத்தில் அவர் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லைன் வீடுகளில் இருக்கும் தொழிலாளர்கள் அங்கேயே வந்துவிடுவார்கள். அதற்கும் மேலே காட்டோரம் ஒரு சின்னக் குடியிருப்பு இருந்தது. அங்கே போக ஒரு கல்லுப் பாதை. மழை பிடித்துக்கொண்டால் அதில் ஜீப் ஏறாது, நடந்து போய்வர ஒரு பகல் முழுக்க ஆகும். அங்கே மாரியப்பன் என்று ஒருவருக்குக் காசநோய். நடக்கத் தெம்பில்லை. அவருக்கு விடாமல் ஊசி போட்டு வந்தார்கள்.

“நடுவுல விட்டா மருந்து கேக்காதுங்க. இந்த மழைக்குள்ள ஒரு வண்டி வாங்கோணும். மடத்துல ஒரே ஒரு தடவைதான் பணம் குடுப்பாங்க. தப்பான வண்டிய வாங்கிப்போட்டா அப்புறம் நான் நடக்க வேண்டியதுதான். நீங்க எழுதறதப் பாத்துப்போட்டுத்தான் முடிவு பண்ணோணும்னு இருக்கறனுங்க.”

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இத்தனை நாள் என் எழுத்தைப் படித்துவிட்டு டீக்கடையில் சண்டை போடுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். இதோ ஒருவர் அதை நம்பி மலையேறப் போகிறார். “தைரியமா வாங்குங்க சிஸ்டர். எனக்கே கால் எட்டுது, உங்களுக்கு என்னங்க?” என்றேன். திங்கட்கிழமை ஷோரூமுக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரே மூச்சில் எழுதினேன். குள்ளமானவர்களும் பயமில்லாமல் ஏறலாம், ஆக்சிலேட்டரைத் தொட்டதும் பறக்கிறது, மணலில் அன்னம்போல் மிதக்கிறது என்று பக்கத்துக்குப் பக்கம் புகழ்ந்து தள்ளினேன். சனிக்கிழமை காலை கட்டுரை அச்சுக்கோர்த்துத் தயாராகிவிட்டது. திங்கள் காலை அச்சகத்துக்குப் போக வேண்டும். நான் வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

ஷோரூமில் பெட்டி பிரித்துப் பூட்டிய இன்னொரு வண்டி, அதே மாடல், அதே சிவப்பு, கண்ணாடிக்குப் பின்னால் நின்றது. பிரிய மனமில்லாமல், கடைசியாக ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாமே என்று அதில் ஏறினேன். ஏறினேன் என்பதைவிடத் தொற்றினேன் என்று சொல்ல வேண்டும். கட்டைவிரல் நுனி மட்டும் தரையைத் தொட்டது. வண்டி ஒரு பக்கம் சாய, பக்கத்தில் நின்ற சேல்ஸ்மேன் தோளைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

“ரங்கண்ணா, என்னங்க இது? அதே வண்டிதான?”

ரங்கண்ணன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. எப்போது கேட்பேன் என்று காத்திருந்த மாதிரி பேசினார்.

“அதே வண்டிதானுங்க. உங்களுக்குக் குடுத்தத மட்டும் கொஞ்சம் செட் பண்ணிப்போட்டேன். ஊட்டுக்கு விருந்தாளி வந்தா அப்படியேவா சோத்தப் போடுவோம், ஒரு கரண்டி நெய் ஊத்த மாட்டமுங்களா? நீங்க வேற கொஞ்சம் கட்டை. சீட்டு ஸ்பாஞ்ச வெட்டி, பின்னால வேற வண்டி ஷாக் அப்சார்பரப் போட்டு எறக்கி உட்டேன். பின் சக்கரத்து ஸ்பிராக்கெட்ல ரெண்டு பல்லு கூட்டி, சைலன்சருக்குள்ள இருந்த தடுப்பையும் எடுத்துப்போட்டனுங்க. எப்படிப் பறந்துச்சு, சொல்லுங்க!”

அவரைத் திட்ட வாய் வரவில்லை. சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அவர் எனக்குக் கெடுதலா செய்தார்? ஊரே செய்கிற காரியத்தைத்தான் செய்தார். நம் ஊரில் புது வண்டியை அப்படியே ஓட்டினால் ஓட்டுகிறவனுக்கு விவரம் பத்தாது என்பார்கள். ஆனால் நான் மூன்று நாள் ஓட்டியது எந்தக் கடையிலும் விற்காத வண்டி. உலகத்திலேயே அப்படி ஒன்றுதான் இருந்தது. அதைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை சிஸ்டர் வந்து வேறு ஒரு வண்டியை வாங்கப் போகிறார்.

ஆபீசுக்கு ஓடினேன். ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஏப்பா தங்கவேலு, கால் எட்டும்கற அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துட்டா ஆகாதா?”

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். நம் வேலையில் பெரிய பொய் சொல்லச் சொல்லி யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள். ஒரு வரியை எடுத்தால் போதாதா என்றுதான் கேட்பார்கள். கேட்பவர் கெட்டவராகவும் இருக்க மாட்டார், களைத்துப் போயிருப்பார், அவ்வளவுதான். எனக்கும் ஒரு நிமிடம் சபலம் தட்டியது. அப்புறம் யோசித்தேன். கால் எட்டியதால்தான் எனக்குத் தைரியம் வந்தது, தைரியம் வந்ததால்தான் பள்ளத்தில் விட்டேன். அந்த ஒரு வரி பொய்யானால் மற்ற எல்லா வரிகளும் அதன்மேல்தான் நிற்கின்றன.

“நாளைக்கு ஒரு நாள் குடுங்க சார். கை படாத வண்டிய அந்த சிஸ்டரோட பாதையிலயே ஏத்திப் பாத்துட்டு வந்தர்றேன்” என்றேன்.

“ஏறலைன்னா?”

“ஏறலைன்னு எழுதறேன்.”

“திங்கள் காலைல என் மேசைல இருக்கோணும்” என்றார். நல்ல மனிதர்.

ரங்கண்ணனிடம் போய், கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் அந்த வண்டியை ஸ்பேனர் படாமல் கொடுங்கள் என்றேன். அவர் மனம் நொந்துபோனார். “நல்லதுதான பண்ணேன்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். “நானும் வாரேன். நான் செட் பண்ணத நான் ஓட்டறேன், நீங்க கம்பெனி வண்டிய ஓட்டுங்க. எது ஏறுதுன்னு பாத்தரலாம்.” குரலில் சவால் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஞாயிறு விடியும்போது கிளம்பினோம். பொள்ளாச்சி தாண்டி ஆழியாறு வரைக்கும் அவர் வண்டி முன்னால் பறந்தது, சத்தமும் அப்படி. என் வண்டி அடக்கமாக, கொஞ்சம் மந்தமாகக்கூட வந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் அவர் ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஒரு வளைவில் எதிரே பஸ் வர, நான் நிறுத்த வேண்டியதாயிற்று. காலை ஊன்றினேன், அங்கே தரை இல்லை. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் பார்க்க, மெதுவாக, மரியாதையாக, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தேன். கண்டக்டர் இறங்கி வந்து தூக்கிவிட்டார். இந்த வண்டியை அந்த நிமிடம் நான் மனதார வெறுத்தேன்.

ஆஸ்பத்திரியை அடைந்தபோது சிஸ்டர் பூசை முடிந்து வந்திருந்தார். மலையில் வேலை செய்வதற்கென்று அனுமதி வாங்கி, சேலைக்குப் பதில் சாம்பல் நிறச் சுடிதார் போட்டிருந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். நான் முன்பு சொன்னது வேறு வண்டியைப் பற்றி, இன்றைக்குப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றேன். அவர் கோபப்படவில்லை. “அப்ப ஏத்திப் பாத்துச் சொல்லுங்க, எனக்கும் இன்னைக்கு மேல போகோணும்” என்று மட்டும் சொன்னார். தோளில் ஊசி மருந்துப் பை தொங்கியது. நடந்து போகத்தான் கிளம்பியிருந்தார்.

முந்தின நாள் அங்கே ஒரு மழை பெய்திருந்தது. பாதை என்றால் தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் செங்குத்தாக ஏறும் ஒரு கல்லுக் குவியல். செம்மண் வழுக்கியது. ரங்கண்ணன் முன்னால் போனார், நான் பின்னால். முதல் ஏற்றத்தில் அவர் வண்டி சீறிக்கொண்டு போனதைப் பார்த்து, சரி, தோற்றோம் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாவது திருப்பத்தில் பாதைக்குக் குறுக்கே படிபோல ஒரு பாறை. ரங்கண்ணன் முறுக்கினார். முன் சக்கரம் ஏறியது. மடார் என்று ஒரு சத்தம். வண்டியின் அடிவயிறு பாறையில் உட்கார்ந்துவிட்டது. பின் சக்கரம் சும்மா சுற்றிச் சேற்றை வாரி என் மேல் அடித்தது. அவர் செட் பண்ணி இறக்கிவிட்ட அந்தக் கொஞ்ச உயரம்தான் இங்கே குறைந்தது.

“நில்லுங்க சார்! நில்லுங்க!” என்று கத்தினார்.

எப்படி நிற்பது? இடது பக்கம் சரிவு. நின்றால் காலை ஊன்ற வேண்டும், ஊன்றினால் எட்டாது, எட்டாவிட்டால் நானும் வண்டியும் கீழே தேயிலைக்குள்தான் போவோம். ரங்கண்ணனுக்கு வலப்பக்கம், மரத்தை ஒட்டி, ஓர் ஆள் நுழையும் இடைவெளி இருந்தது. அங்கேயும் அதே பாறை நீண்டிருந்தது. யோசிக்க எனக்குக் கிடைத்தது ஒரு மூச்சு நேரம். நிற்க முடியாது என்பது தெளிவாகத் தெரிந்ததும், விசித்திரமாக, பயம் போய்விட்டது. இனிச் செய்ய ஒரே ஒரு காரியம்தான் பாக்கி, அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

எழுந்து நின்றேன். பாறையைப் பார்க்கவில்லை, அதற்கு மேலே தெரிந்த மரத்தைப் பார்த்தேன். முதல் கியர். முறுக்காமல், விடாமல், ஒரே சீராகப் பிடித்துக்கொண்டேன். காலையில் மந்தம் என்று நான் திட்டிய அதே குணம் இப்போது சக்கரத்தை வழுக்க விடவில்லை. முன் சக்கரம் ஏறியது, பின்பக்கம் அமுங்கி எழுந்தது, அடியில் எதுவும் தட்டவில்லை, நான் மேலே இருந்தேன்! அவ்வளவுதான். கத்தினேன். மதுக்கரையில் கத்தியதைவிடப் பலமாகக் கத்தினேன். நிறுத்துவதற்கு திண்ணைபோல் உயர்ந்த ஒரு கல்லைத் தேடி அதன்மேல் காலை வைத்துத்தான் நிறுத்த முடிந்தது.

ரங்கண்ணன் பாறை மேல் உட்கார்ந்த வண்டியின் மேல் உட்கார்ந்தபடியே என்னை அண்ணாந்து பார்த்தார். முகமெல்லாம் என் சக்கரம் அடித்த சேறு. “அட, ஏறிப்போச்சே” என்றார்.

பாறையில் சிக்கிய வண்டியை விடுவித்து, இரண்டு வண்டிகளையும் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். சிஸ்டர் நேராக வந்து கம்பெனி வண்டியில் ஏறி உட்கார்ந்தார். நான் சேல்ஸ்மேன் தோளில் தொங்கிய அதே வண்டியில் அவருடைய இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தன. எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. இத்தனை நாளாக நான் எனக்கு எட்டுமா என்றே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“கியர் வண்டி பழக்கமுங்களா சிஸ்டர்?”

“சின்னதுல அப்பா வண்டிய தோட்டத்துக்குள்ள திருட்டுத்தனமா ஓட்டியிருக்கறனுங்க. சாமிகிட்டச் சொல்லி மன்னிப்பும் கேட்டாச்சு” என்றார்.

ஆஸ்பத்திரி முற்றத்தில் சுற்றினார். எழுந்து நிற்கச் சொன்னேன், நின்றார். பள்ளத்தைப் பார்க்காதீர்கள், போக வேண்டிய இடத்தைப் பாருங்கள் என்றேன். தலையாட்டினார். அப்புறம் நான் சொல்வதற்குள் வண்டி வளைந்து கல்லுப் பாதையில் ஏறிவிட்டது. மரங்களுக்குள் மறைந்தார். சத்தம் மட்டும் கேட்டது. பாறை இருக்கும் இடத்தில் அது சற்றுக் கனத்து, மறுபடி சீராகி, மேலே மேலே போனது. பிறகு நின்றுவிட்டது.

வெகுநேரம் காத்திருந்தோம். ரங்கண்ணன் என்னைப் பார்த்தார். “விழுந்துட்டாங்களோ?” கட்டுரைக்காக ஒரு கன்னியாஸ்திரியை மலையில் உருட்டிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே இருவரும் ஏற்றத்தில் ஓடினோம். மூச்சு வாங்கி, வழுக்கி, எழுந்து பாறையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். மேலிருந்து வண்டிச் சத்தம். சிஸ்டர் நிதானமாக இறங்கி வந்து எங்கள் முன் நிறுத்தி, இரண்டு காலையும் ஊன்றினார்.

“எங்க ஓடறீங்க ரெண்டு பேரும்? போனதும் போனேன், மாரியப்பனுக்கு ஊசியப் போட்டுப்போட்டு வந்தேன்.”

தோளில் அந்தப் பை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, சேறு பட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

அன்று சாயந்திரமே திரும்பி வந்து கட்டுரையை முதலிலிருந்து எழுதினேன். ‘இந்த வண்டியில் எனக்குக் கால் எட்டாது’ என்று ஆரம்பித்தேன். பஸ்ஸுக்கு முன்னால் விழுந்ததையும் எழுதினேன். திங்கள் காலை ஆசிரியர் படித்துவிட்டு, “முதல்ல எழுதுனதவிட வண்டி மேல ஆசை வருதே” என்றார்.

சிஸ்டர் அன்றைக்கே ஷோரூமுக்கு வந்தார். சாவியை வாங்கிக்கொண்டு ரங்கண்ணனிடம், “ஏனுங்கண்ணா, இதுல எதையாச்சும் மாத்தோணுமுங்களா?” என்று கேட்டார். ரங்கண்ணனின் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போனது. ஸ்பேனர் பாதி வெளியே வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அதை உள்ளே தள்ளிவிட்டு, “ஒண்ணுமே வேண்டாமுங்க சிஸ்டர். அப்படியே ஓட்டுங்க” என்றார்.

அதனால்தான் சொல்கிறேன். நீங்கள் ஓட்டுவது உங்களுக்காக இல்லை. வாங்கப் போகிறவரின் கால் எவ்வளவு நீளம், அவர் பாதையில் பாறை எவ்வளவு உயரம் என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். உங்களைக் குஷிப்படுத்துவதற்காக ஊரே நெய் ஊற்றும், அன்பாகத்தான் ஊற்றும். அந்த நெய்யை ருசித்த நாக்கை மட்டும் நம்பி எழுதாதீர்கள்.

அடியில் நசுங்கிப்போன அந்த இன்னொரு வண்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதை வேறு யாருக்கும் விற்க முடியாது என்று ஷோரூமில் கையைப் பிசைந்தார்கள். நானே வாங்கிக்கொண்டேன். இன்றைக்கும் வீட்டில் நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் மதுக்கரைப் பக்கம் போவேன், யாரும் இல்லாத இடத்தில் கத்துவேன். அது நிஜமாகவே எனக்காகப் பிறந்த வண்டிதான். அதைப் பற்றி மட்டும் பத்திரிகையில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை.